முடி நட்ட பிறகு: முதல் பத்து நாளும் அதற்கப்புறமும்

ஹேர் டிரான்ஸ்பிளான்ட் முடிந்து வீட்டுக்கு வந்த இரவு எனக்கு இருந்த ஒரே கேள்வி, எப்படித் தூங்குவது என்பதுதான். பின்மண்டையில் கட்டு, முன்னால் புள்ளி புள்ளியாக ரத்தம் உறைந்த தலை, கையில் ஒரு மாத்திரைப் பை, கூடவே செய்யலாம் செய்யக்கூடாது என்று பத்துப் பன்னிரண்டு வரி எழுதிய ஒரு தாள். அந்தத் தாளில் இருந்ததெல்லாம் சரிதான், ஆனால் ஏன் என்பது மட்டும் அதில் இல்லை. காரணம் தெரியாதபோது நாம் இரண்டில் ஒன்றைச் செய்துவிடுகிறோம்: பயந்துபோய் பத்து நாள் தலையில் தண்ணீரே படாமல் வைத்திருப்போம், இல்லையென்றால் நாலாம் நாளே ஆறிவிட்டது என்று நினைத்து நகத்தால் பொருக்கை நோண்டுவோம். இரண்டுமே கெடுதல். அதனால் இங்கே ஒவ்வொன்றையும் காரணத்தோடு சொல்லப் பார்க்கிறேன். உங்கள் மருத்துவர் சொன்னது இதிலிருந்து கொஞ்சம் மாறினால் அவர் சொன்னதையே கேளுங்கள், உங்கள் தலையைத் தொட்டுப் பார்த்தவர் அவர்.

நட்டது எப்போது வேர் பிடிக்கிறது

இதைப் புரிந்துகொண்டால் பாதி விதிகள் தானாகவே புரிந்துவிடும். எஃப்யூஇ முறையில் சுமார் 0.7 முதல் 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள சின்னக் குழாய் போன்ற கருவியால் பின்மண்டையிலிருந்து ஒவ்வொரு வேர்க்கொத்தாக எடுப்பார்கள். ஒரு கொத்தில் பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு முடி இருக்கும், அதைத்தான் கிராஃப்ட் என்கிறோம். எஃப்யூடி முறையில் ஒரு பட்டையாகத் தோலையே வெட்டி எடுத்து, அந்த இடத்தைத் தையல் போட்டு மூடிவிட்டு, பட்டையிலிருந்து கிராஃப்ட்டுகளைப் பிரிப்பார்கள். எடுப்பதில்தான் வித்தியாசம், நடுவது இரண்டிலும் ஒன்றுதான்.

நட்ட கிராஃப்ட்டுக்கு முதல் இரண்டு மூன்று நாள் சொந்தமாக ரத்த ஓட்டம் கிடையாது. சுற்றியுள்ள திசுவில் ஊறியிருக்கும் நீரிலிருந்துதான் ஆக்ஸிஜனையும் சத்தையும் உறிஞ்சிக்கொண்டு தாக்குப்பிடிக்கிறது. அப்புறம் மெல்ல மெல்ல நுண்ணிய ரத்தக் குழாய்கள் வந்து அதோடு சேர்கின்றன. நாற்றைப் பறித்து நட்டால் சில நாள் வெளிறித் துவண்டு நிற்கும் இல்லையா, வேர் பிடித்த பிறகுதான் பச்சை கட்டும். நட்ட மறுநாள் வயலில் கால் வைத்தால் நாற்று மிதந்துவிடும், இரண்டு வாரம் கழித்து அதையே பிடுங்கக் கைக்குக் கொஞ்சம் பலம் வேண்டும். தலையிலும் இதே கதைதான்.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். பெர்ன்ஸ்டைன், ராஸ்மன் என்ற இரண்டு மருத்துவர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், நட்ட முடியை ஒவ்வொரு நாளும் இழுத்து, கிராஃப்ட் கூடவே வருகிறதா என்று பார்த்தார்கள். முதல் இரண்டு நாள் முடியை இழுத்தால் கிராஃப்ட்டும் வந்துவிட்டது. ஒட்டிக்கொண்டிருக்கும் பொருக்கை இழுத்தபோது ஐந்தாம் நாள் வரை கிராஃப்ட்டும் சேர்ந்தே வந்தது. அதற்குப் பிறகு ஆபத்து நாளுக்கு நாள் குறைந்து, ஒன்பதாம் நாளில் இழுத்தாலும் கிராஃப்ட் அசையவில்லை. பொருக்கு கட்டாத கிராஃப்ட் இன்னும் சீக்கிரமே பிடித்துக்கொள்கிறது என்பதும் அதில் தெரிந்தது. ஆக, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காக்க வேண்டியது ஒன்பது, பத்து நாள். அதிலும் முதல் ஐந்து நாள்தான் நிஜமான கண்டம்.

தூக்கம், வீக்கம்

முதல் ஐந்து முதல் ஏழு இரவு வரை தலையை உயர்த்தி, ஏறக்குறைய 45 பாகை சாய்வில், மல்லாந்து தூங்குங்கள். சாய்வு நாற்காலி இருந்தால் நல்லது, இல்லையென்றால் இரண்டு மூன்று தலையணையை முதுகிலிருந்தே படியாக அடுக்கிக்கொள்ளலாம். கழுத்தை மட்டும் உயர்த்தினால் காலையில் கழுத்து பிடித்துக்கொள்ளும். பயணத்தில் கழுத்தைச் சுற்றிப் போடும் தலையணை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், தூக்கத்தில் தலை பக்கவாட்டில் புரளாமல் அது பிடித்து நிறுத்தும். எனக்கு இந்த ஒரு வாரத்தில் மிகவும் உதவிய பொருள் அதுதான். தலையணை மேல் ஒரு பழைய துண்டை விரித்துக்கொள்ளுங்கள், பின்மண்டையிலிருந்து ஓரிரு நாள் இளஞ்சிவப்பாக நீர் கசியும். அது சகஜம்.

இந்தச் சாய்வு எதற்கு என்றால், சிகிச்சையின்போது தலையில் மரத்துப்போகும் மருந்தையும் உப்பு நீரையும் நிறையவே ஏற்றியிருப்பார்கள். அந்த நீர் புவியீர்ப்பில் கீழே இறங்கத்தான் செய்யும், அதற்கு வழி நெற்றிதான். இரண்டாம் நாள் நெற்றி லேசாகக் கனக்கும், மூன்றாம் நான்காம் நாளில் கண்ணைச் சுற்றி வரும், சிலருக்கு இமை திறக்கவே கஷ்டமாகிவிடும். நாலாம் நாள் காலையில் கண்ணாடியில் பார்த்தபோது மூக்கின் மேல்பகுதியே தெரியவில்லை, இரண்டு புருவத்துக்கும் நடுவே விரலால் அழுத்தினால் மாவில் அழுத்தியதுபோலக் குழி விழுந்து மெதுவாக மேலே வந்தது. பயந்துபோய் மருத்துவருக்குப் படம் அனுப்பினேன். வலியும் காய்ச்சலும் இல்லையே, இறங்கிவிடும் என்றார், ஏழாம் நாள் இருந்த இடம் தெரியவில்லை. எல்லோருக்கும் வரும் என்றில்லை, வந்தால் இதுதான் அதன் போக்கு.

வீக்கத்துக்கு ஐஸ் ஒத்தடம் கொடுக்கலாம், புருவத்துக்குச் சற்று மேலே, ஒரு துணியில் சுற்றி, பத்துப் பதினைந்து நிமிடம். நட்ட இடத்தின் மேல் மட்டும் எக்காரணத்துக்கும் ஐஸ் வைக்காதீர்கள். ரத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கிற இடத்தில் குளிரை வைத்தால் ரத்தக் குழாய்கள் சுருங்கும். குனிந்து ஷூ கட்டுவது, தரையில் விழுந்ததை இடுப்பை வளைத்து எடுப்பது இதெல்லாம் ஒரு வாரம் வேண்டாம். எடுத்தே ஆக வேண்டுமென்றால் முட்டியை மடக்கி உட்கார்ந்து எடுங்கள், தலை மேலேயே இருக்கட்டும்.

ஸ்ப்ரே, பிறகு முதல் தலைக்குளியல்

பெரும்பாலும் ஒரு சலைன் ஸ்ப்ரே கொடுத்து அனுப்புவார்கள். முதல் இரண்டு மூன்று நாள் விழித்திருக்கும் நேரத்தில் அரை மணிக்கு ஒரு தடவையோ மணிக்கு ஒரு தடவையோ, அவர்கள் சொன்ன கணக்கில், பனி விழுகிற மாதிரி தூரத்திலிருந்து அடியுங்கள். கிராஃப்ட்டைக் காய விடாமல் வைப்பதும், உறையும் ரத்தம் கெட்டியான பொருக்காக இறுகாமல் பார்ப்பதும்தான் நோக்கம். வடிந்து நெற்றியில் இறங்கினால் நெற்றியில் மட்டும் ஒற்றுங்கள்.

முதல் கழுவல் பல இடங்களில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் அவர்களே செய்துவிடுவார்கள். கூடவே யாரையாவது அழைத்துப் போய்ப் பார்க்க வையுங்கள், அல்லது அனுமதி கேட்டு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தலையின் உச்சியை நீங்கள் பார்க்க முடியாது என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் உணர்வீர்கள்.

வீட்டில் செய்யும்போது கையைச் சுத்தமாகக் கழுவுங்கள், நகம் வெட்டியிருக்கட்டும். வெதுவெதுப்பான தண்ணீரை ஒரு கோப்பையில் எடுத்துத் தலைக்கு மிக அருகிலிருந்து மெல்ல ஊற்றுங்கள், ஷவரின் வேகம் நேரே படக்கூடாது. குழந்தைகளுக்கான மென்மையான ஷாம்பூவையோ மருத்துவர் கொடுத்ததையோ உள்ளங்கையில் நுரையாக்கி, அந்த நுரையை மட்டும் நட்ட இடத்தின் மேல் வையுங்கள். தேய்க்க வேண்டாம், ஒன்றிரண்டு நிமிடம் விட்டுவிட்டு மறுபடி கோப்பையால் ஊற்றிக் கழுவுங்கள். விரல் நுனியின் மெத்தென்ற பகுதியால் தொட்டுத் தொட்டு எடுக்கலாம், இழுத்துத் தடவக்கூடாது. பின்மண்டையை மட்டும் கொஞ்சம் தாராளமாகவே கழுவலாம். துவட்டும்போது நட்ட இடத்தைத் துண்டால் தொடவே வேண்டாம், காற்றில் காயட்டும். டிரையர் போட்டால் குளிர் காற்றில், தூரத்தில்.

தினமும் ஒருமுறை இப்படிக் கழுவ வேண்டும். பயந்து கழுவாமல் விட்டவர்களுக்குத்தான் பத்தாம் நாளில் தலை மேல் மஞ்சளும் கறுப்புமாக ஓடு கட்டி நிற்கும், அதற்குள் கிருமி சேரும், நமைச்சல் தாங்காது. இரண்டாம் வாரத்தை நெருங்கும்போது, அதாவது எட்டு முதல் பத்தாம் நாள் வாக்கில் மருத்துவர் சரி என்றதும், ஷாம்பூ நுரையில் பத்து நிமிடம் ஊறவைத்து, விரல் நுனியால் சின்ன வட்டமாக லேசாகத் தேய்க்கத் தொடங்குங்கள். பொருக்கு கரைந்து வரும். ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டுமென்பதில்லை, மூன்று நான்கு கழுவலில் 14ஆம் நாளுக்குள் தலை சுத்தமாகிவிட்டால் போதும்.

ஒன்று சொல்லிவைக்கிறேன், அந்தக் கழுவலில் உள்ளங்கையைப் பார்த்தால் நெஞ்சு திக்கென்று இருக்கும். பழுப்பு நிறப் பொருக்குத் துணுக்குகள், ஒவ்வொன்றிலும் கால் சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒன்றிரண்டு முடி குத்திட்டு நிற்கும், சிலவற்றின் அடியில் வெள்ளையாகக் குமிழ் போல ஒன்று இருக்கும். நட்டது மொத்தமும் கையோடு வந்துவிட்டது என்றுதான் தோன்றும். வரவில்லை. அந்தக் குமிழ் முடியின் அடித்தண்டு, அதைச் சுற்றிய உறை. முடியை முளைக்க வைக்கும் வேர்ப்பை தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. கிராஃப்ட் நிஜமாகவே பெயர்ந்தால் அந்த இடத்தில் பளிச்சென்று ரத்தம் வரும், அதுவும் முதல் சில நாளில்தான். ரத்தம் இல்லாமல் வந்த முடியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

எடுத்த இடமும் அரிப்பும்

எல்லோருடைய கவனமும் முன்னால்தான் இருக்கும், ஆனால் முதல் வாரம் அதிகம் வலிப்பது பின்மண்டை. எஃப்யூஇ என்றால் சின்னத் துளைகள் நான்கைந்து நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் மூடிக்கொள்ளும், மருத்துவர் கொடுத்த ஆன்டிபயாடிக் களிம்பை மெல்லியதாகத் தடவினால் போதும். எஃப்யூடி என்றால் தையலை 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். அதற்கப்புறமும் கழுத்தை வேகமாகக் குனிந்து நிமிர்த்துவதை, பாரம் தூக்குவதை ஒன்றரை இரண்டு மாதம் தள்ளிப்போடுங்கள். வெளியே காயம் ஆறினாலும் உள்ளே திசு பலம் பெற மாதங்கள் ஆகும், அதற்குள் இழுபட்டால் மெல்லிய கோடாக இருக்க வேண்டிய தழும்பு அகன்றுவிடும். அகன்ற தழும்பைத் திரும்பச் சுருக்குவது கஷ்டம்.

மரத்துப்போனது போல இருப்பது இரண்டு இடத்திலும் இருக்கும். நுண்ணிய நரம்புகள் வெட்டுப்பட்டிருப்பதால்தான் அது, சில வாரத்திலிருந்து சில மாதம் வரை எடுத்துக்கொண்டு மெதுவாகத் திரும்பும். திரும்பும்போது ஊசி குத்துவது போல, எறும்பு ஊர்வது போல, சில சமயம் மின்சாரம் பட்டது போலச் சுருக்கென்று இருக்கும். அதுவும் நல்லதுதான், நரம்பு வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

அரிப்புதான் பெரிய சோதனை. ஐந்தாம் நாள் வாக்கில் ஆரம்பிக்கும், இரவில் அதிகம். சொறியவே கூடாது என்பது தெரியும், தூக்கத்தில் கை போவதை என்ன செய்வது? நான் முதல் வாரம் மெல்லிய பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு தூங்கினேன். விழித்திருக்கும்போது சலைன் அடித்தால் பத்து நிமிடத்தில் அடங்கும். அதற்கும் அடங்காவிட்டால் அரிப்புக்கு மாத்திரை உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள். பற்களைக் கடித்துக்கொண்டு தாங்குவதை விட அது மேல்.

மாத்திரைகள், புகை, மது

ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால் வலி போய்விட்டது என்று பாதியில் நிறுத்தாதீர்கள். வீக்கத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரை சில நாளுக்கு எழுதியிருக்கலாம், அதைச் சொன்ன கணக்கில், சாப்பிட்ட பிறகு போடுங்கள். வலிக்குப் பெரும்பாலும் பாராசிட்டமாலே போதும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் போன்றவை ரத்தம் உறைவதைக் கொஞ்சம் தடுப்பவை, அதனால் கேட்காமல் போட வேண்டாம். அதே சமயம், இதயத்துக்கோ வேறு நோய்க்கோ ரத்தத்தை இளக்கும் மருந்து தினமும் சாப்பிடுபவராக இருந்தால் அதை நீங்களாக நிறுத்தக்கூடாது, அதை எழுதிய மருத்துவரும் முடி நட்ட மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும். முடியை விட இதயம் முக்கியம்.

விக்கல் பற்றி யாரும் சொல்வதில்லை. சிலருக்கு முதல் ஓரிரு நாள் நிற்காமல் விக்கல் வரும், இந்தச் சிகிச்சைக்குப் பிறகு வருவதாகத் தெரிந்த ஒன்றுதான் அது. ஒரு நாளுக்கு மேல் நீடித்துத் தூக்கத்தைக் கெடுத்தால் மருந்து உண்டு, கேளுங்கள்.

புகைபிடிப்பவர்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். நிகோடின் தோலின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்கும், புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஏற்கெனவே மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கிற கிராஃப்ட்டுக்கு இரண்டு பக்கமும் அடி. நட்ட இடத்துத் தோல் கறுத்துச் செத்துப்போகும் அந்த அரிய, மோசமான சிக்கல் புகைபிடிப்பவர்களுக்கு வரும் வாய்ப்பு அதிகம். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு வாரமாவது தொடாமல் இருங்கள், ஒரு மாதம் விட முடிந்தால் இன்னும் நல்லது. இ-சிகரெட்டிலும் நிகோடின்தான். மதுவை முதல் ஒரு வாரமாவது, மருந்துகள் முடியும் வரையாவது தள்ளி வையுங்கள். ரத்தக் கசிவும் வீக்கமும் கூடும், போதையில் தலையை எங்காவது இடித்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

வெளியே போவது, வேலை, உடற்பயிற்சி

உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் மூன்று நான்கு நாளிலேயே திரும்பலாம், உடம்பு இடம் கொடுக்கும். முகம் வீங்கியிருப்பதும் தலையில் பொருக்கு தெரிவதும் சங்கடமாக இருக்கும் என்றால் பத்து நாள் விடுப்பு எடுப்பதுதான் நிம்மதி. சட்டை எப்போதும் முன்னால் பொத்தான் போடுவதாக இருக்கட்டும், தலை வழியாக மாட்டும் பனியனும் டி-ஷர்ட்டும் இரண்டு வாரத்துக்கு வேண்டாம். கார் கதவு, அலமாரிக் கதவு, தாழ்ந்த நிலைப்படி இந்த மூன்றையும் கவனியுங்கள். தலை மரத்திருப்பதால் எவ்வளவு உயரத்தில் தலை இருக்கிறது என்ற உணர்வே கொஞ்சம் குழம்பிப்போகும், இடிப்பவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்தில்தான் இடிக்கிறார்கள்.

தொப்பி பற்றி உங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பொதுவாக, உச்சியைத் தொடாத தளர்வான தொப்பியைச் சில நாளிலேயே வெளியே போகும்போது மட்டும் போடலாம். ஹெல்மெட் வேறு விஷயம், இறுக்கமாக உரசி ஏறி இறங்கும், அதற்கு இரண்டு வாரமாவது, சிலர் ஒரு மாதம் என்பார்கள். ஹெல்மெட் இல்லாமல் வண்டி ஓட்டுவது இதற்குப் பதில் இல்லை, அத்தனை நாளும் வண்டியையே எடுக்காதீர்கள்.

வெயில் நேராகப் படுவதை மூன்று மாதம் தவிர்க்கப் பாருங்கள், ஆறிக்கொண்டிருக்கும் தோல் சீக்கிரம் கறுத்துத் திட்டாக நின்றுவிடும். சன்ஸ்கிரீன் ஒரு மாதம் கழித்து.

நடை நாலாம் நாளிலிருந்தே சரி. வியர்க்கும் அளவு ஓட்டமும் ஜிம்மும் இரண்டு வாரம் கழித்து லேசாகத் தொடங்கலாம், கனமான எடை ஒரு மாதம் கழித்து, எஃப்யூடி என்றால் முன்பு சொன்ன ஒன்றரை இரண்டு மாதம் கழித்து. மூச்சைப் பிடித்துத் தூக்கும்போது தலையில் ரத்த அழுத்தம் ஏறுவதை நீங்களே உணரலாம், அதுதான் காரணம். தாம்பத்தியத்துக்கும் இதே காரணம்தான், ஒரு வாரம் பொறுங்கள். நீச்சல், நீராவிக் குளியல் இரண்டும் ஒரு மாதம். எண்ணெய், ஜெல், ஹேர் ஸ்ப்ரே எல்லாம் பொருக்கு முழுக்க உதிர்ந்து தோல் மூடிய பிறகு, மருத்துவரைக் கேட்டு.

உதிர்கிற காலம்

இதைத்தான் அதிகம் எழுத வேண்டும் என்று நினைத்தேன், ஏனென்றால் மனம் உடைவது இங்கேதான்.

இரண்டாம் வாரம் முடிந்து பொருக்கு போன தலை அழகாக இருக்கும். நட்ட முடி குட்டையாக, வரிசையாக, புதிதாக மழித்த தலை போலத் தெரியும், நெற்றிக் கோடு வந்துவிட்டது என்று சந்தோஷமாக இருக்கும். மூன்றாம் வாரம் குளிக்கும்போது ஒன்றிரண்டு, தலையணையில் நாலைந்து என்று ஆரம்பித்து, இரண்டு மாதத்துக்குள் நட்டதில் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். எனக்கு 23ஆம் நாள் வெள்ளைத் தலையணை உறையில் புள்ளி வைத்தது போலக் குட்டி முடிகள் கிடந்தன, விரலால் ஒற்றி எடுத்து ஒரு தாளில் வைத்து எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணாதீர்கள். அதனால் ஒரு பயனும் இல்லை.

காரணம் எளிது. ஓரிடத்திலிருந்து எடுத்து, சில மணி நேரம் வெளியே வைத்து, வேறிடத்தில் நட்ட அதிர்ச்சியில் வேர்ப்பை ஓய்வு நிலைக்குப் போய்விடுகிறது. வளர்ந்துகொண்டிருந்த தண்டை உதிர்த்துவிட்டு, தோலுக்குள் சும்மா இருக்கிறது. இந்த ஓய்வு ஏறக்குறைய மூன்று மாதம். முடிந்ததும் புதுத் தண்டு தள்ளத் தொடங்கும். உதிர்ந்தது தண்டு, இருப்பது வேர். எல்லா முடியும் உதிர வேண்டும் என்றும் இல்லை, சிலருக்குக் கொஞ்சம் தங்கி அப்படியே வளரும், அதுவும் சரிதான்.

இன்னொரு உதிர்வு உண்டு. நட்ட இடத்தைச் சுற்றி ஏற்கெனவே இருந்த உங்கள் பழைய முடியும், பின்மண்டையில் எடுத்த இடத்தைச் சுற்றியுள்ள முடியும் அதிர்ச்சியில் கொஞ்சம் கொட்டலாம். இதனால்தான் இரண்டாவது மூன்றாவது மாதத்தில் தலை சிகிச்சைக்கு முன்னால் இருந்ததை விடவும் மெலிந்து தெரியும். அதுவும் பெரும்பாலும் திரும்பும். ஏற்கெனவே மெலிந்து முடியும் தறுவாயில் இருந்த முடிகள் சில மட்டும் திரும்பாமல் போகலாம்.

மூன்றாவது நான்காவது மாதத்தில் வெளிச்சத்துக்கு எதிரே தலையைச் சாய்த்துப் பார்த்தால் பூனை முடி போல மெல்லியதாக, நிறம் குறைந்ததாகச் சில தெரியும். சில சுருண்டும் முறுக்கியும் வரும், போகப் போக நேராகித் தடிக்கும். இந்தச் சமயத்தில் சின்னச் சின்னப் பருக்களும் வரும், புது முடி தோலைத் துளைத்து வரும் வழியில் மாட்டிக்கொள்வதால். வெதுவெதுப்பான ஈரத் துணியால் ஒத்தடம் கொடுங்கள், கிள்ளாதீர்கள். நிறைய வந்து வலித்தால், சீழ் வைத்துப் பரவினால் மருத்துவர் பார்க்கட்டும். ஆறாவது மாதத்தில் ஏறக்குறைய பாதி தெரியும், 12ஆம் மாதத்தில் பெரும்பகுதி. உச்சியில் நட்டது எப்போதும் தாமதம்தான், 15 முதல் 18 மாதம் வரை போகும். முன்பக்கம் நட்டவரின் ஆறாவது மாதப் படத்தை உச்சியில் நட்டவர் பார்த்து வருந்துவதில் அர்த்தமே இல்லை.

தினமும் கண்ணாடி பார்ப்பதற்குப் பதிலாக மாதம் ஒரு நாள், அதே இடத்தில், அதே விளக்கில், முடி காய்ந்த நிலையில், நேராக, இரண்டு பக்கம், உச்சி என்று நாலு படம் எடுத்து வையுங்கள். ஈரத் தலையில் மேல் விளக்கின் கீழ் யாருக்குமே முடி குறைவாகத்தான் தெரியும்.

இருக்கிற முடியைக் காப்பது

நட்ட முடி ஏன் நிலைக்கிறது என்றால், வழுக்கையில் உதிராமல் நிற்கும் பின்மண்டை முடி எங்கே போனாலும் அந்தக் குணத்தைக் கொண்டுபோகும். நியூயார்க்கைச் சேர்ந்த தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் இதைப் பற்றி 1959இல் வெளியிட்ட கட்டுரைதான் இந்தச் சிகிச்சைக்கே அடிப்படை போட்டது. ஆனால் முன்னாலும் உச்சியிலும் உங்களுக்குச் சொந்தமாக இருக்கும் முடிக்கு அந்தக் குணம் இல்லை, அது தன் வழியில் மெலிந்துகொண்டேதான் இருக்கும். நட்டதை மட்டும் நம்பி விட்டுவிட்டால் சில வருடத்தில் நட்ட வரிசை தனியாகவும் பின்னால் வெற்றிடமாகவும் தெரியும். இதற்குத்தான் மினாக்சிடில், ஃபினாஸ்டரைடு என்ற இரண்டு மருந்துகள். தலையில் போடும் மினாக்சிடிலை எப்போது மறுபடி தொடங்குவது என்பதை மருத்துவர் சொல்வார், பொதுவாகத் தோல் மூடிய பிறகுதான், அதற்கு முன் போட்டால் எரியும். ஃபினாஸ்டரைடு ஆண்களின் வழுக்கைக்கு 1 மில்லிகிராம் அளவில் தருவது, சிலருக்குப் பாலுணர்வு சார்ந்த பக்கவிளைவுகளும் மனச்சோர்வும் வருவதுண்டு, அதனால் பேசித்தான் தொடங்க வேண்டும். கர்ப்பிணிகள் அதைச் சாப்பிடக்கூடாது, உடைந்த மாத்திரையைக் கையால் தொடவும் கூடாது.

சாப்பாட்டில் புரதமும் இரும்புச்சத்தும் குறையாமல் பாருங்கள், இந்தச் சமயத்தில் பட்டினி கிடந்து எடை குறைக்கும் வேலை வேண்டாம், அதுவே தனியாக முடியைக் கொட்ட வைக்கும். பயோட்டின் மாத்திரை குறைபாடு இருப்பவர்களுக்குத்தான் பலன் தரும். அதிக அளவில் சாப்பிட்டால் தைராய்டு, இதயம் சார்ந்த சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவைத் தவறாகக் காட்டிவிடும், சாப்பிடுகிறீர்கள் என்றால் பரிசோதனைக்கு முன் சொல்லிவிடுங்கள்.

உடனே கூப்பிட வேண்டியவை

சுத்தமான துணியால் 15 நிமிடம் விடாமல் அழுத்தியும் நிற்காத ரத்தம். மூன்றாம் நாளுக்குப் பிறகு குறைய வேண்டிய வலி கூடிக்கொண்டே போவது. காய்ச்சல், சீழ், கெட்ட வாடை, பரவும் சிவப்பு. நட்ட இடத்திலோ எடுத்த இடத்திலோ தோல் நீலம் பாய்ந்தோ கறுத்தோ போவது, இது மணிக்கணக்கில் காத்திருக்கக் கூடாதது. மாத்திரை சாப்பிட்டதும் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் என்றால் நட்ட மருத்துவரைத் தேட வேண்டாம், நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள். இரவு நேரத்தில் எந்த எண்ணுக்கு அழைப்பது என்பதைக் கிளம்பும் முன்பே கேட்டு போனில் பதிந்துகொள்ளுங்கள்.

முடி வெட்டுவது

பின்மண்டையையும் பக்கங்களையும் மூன்று நான்கு வாரத்தில் வெட்டிக்கொள்ளலாம். நட்ட இடத்தில் முதலில் கத்தரி மட்டும், மெஷின் மூன்று மாதம் கழித்து. சாயம் ஒரு மாதம், ஒன்றரை மாதம் போகட்டும், தோலில் சிவப்போ புண்ணோ இருந்தால் இன்னும் தள்ளிப்போடுங்கள். வெட்டுபவரிடம் நாற்காலியில் உட்கார்ந்ததுமே எங்கே நட்டது, எங்கே எடுத்தது, எந்த இடம் இன்னும் மரத்திருக்கிறது என்று கையால் தொட்டுக் காட்டிவிடுங்கள். மரத்த இடத்தில் பிளேடு கீறினாலும் டிரையரின் சூடு பட்டாலும் உங்களுக்குத் தெரியாது, அவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.